குப்பைமேட்டு வாயு: பிடிப்பது கடமை, கேட்பது உரிமை

சென்னை பெருங்குடி குப்பைக் கிடங்கில் 2022 ஏப்ரல் 27 அன்று பற்றிய தீயை அணைக்கப் பல நாட்கள் ஆயின. 2023 மார்ச் 2 அன்று கொச்சியின் பிரம்மபுரம் கிடங்கு பற்றிக்கொண்டது. பத்து நாட்களுக்கும் மேலாக நகரம் புகைக்குள் கிடந்தது. பள்ளிகளுக்கு விடுமுறை விட வேண்டியிருந்தது. 2024 ஏப்ரலில் கோவை வெள்ளலூர் எரிந்தது. தண்ணீர் லாரிகள், மண் லாரிகள், முகத்தில் துணி கட்டிய தீயணைப்பு வீரர்கள், கண் எரிச்சலோடு மருத்துவமனைக்குப் போகும் முதியவர்கள் என்று செய்திகளும் ஒரே மாதிரி வந்தன.

மூன்றும் கோடையில் நடந்ததால் வெயிலின் மேல் பழியைப் போட்டுவிடுவது எளிது. ஆனால் வெயில் மட்டும் ஒரு குப்பைமேட்டை இத்தனை நாள் எரிய வைக்க முடியாது. மேட்டுக்குள் எரிபொருள் ஊறிக்கொண்டே இருக்கிறது. அதுதான் மீத்தேன் வாயு. அதைக் குழாய் போட்டு எடுத்தால் மின்சாரம் தயாரிக்கலாம். விட்டுவைத்தால் தீயாகவும் வெடிப்பாகவும் வெளியே வரும். இந்த வாயு என்ன செய்யும், அதைக் கட்டுப்படுத்த வேண்டியவர் யார், அவர் செய்யாவிட்டால் நாம் எங்கே போய்க் கேட்பது என்பதைக் கிடங்கின் பக்கத்தில் குடியிருப்பவர்கள் மட்டுமல்ல, அங்கே குப்பை அனுப்புகிற எல்லோருமே தெரிந்துகொள்ள வேண்டும்.

மேட்டுக்குள் நடப்பது என்ன?

நம் நகரங்களின் குப்பையில் ஏறத்தாழப் பாதி, சோறு, காய்கறித் தோல், வாழை இலை, மீன் கழிவு போன்ற மக்கும் பொருள். இது காற்றுப்பட மக்கினால் உரமாகும். ஒன்றின் மேல் ஒன்றாகக் கொட்டி அமுக்கிவிட்டால் அடியில் காற்று போகாது. காற்றில்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிரிகள் அதைச் சிதைத்து வாயுவாக்கும். கிராமத்து வீட்டில் சாண எரிவாயுக் கலனுக்குள் நடப்பதும் இதுதான். கலனுக்கு மூடியும் குழாயும் உண்டு, குப்பைமேட்டுக்கு இரண்டுமே கிடையாது.

இப்படி உருவாகும் வாயுவில் ஏறத்தாழப் பாதி மீத்தேன், மீதியில் பெரும்பகுதி கரியமில வாயு. சிறிதளவு ஹைட்ரஜன் சல்ஃபைடும் வேறு வாயுக்களும் கலந்திருக்கும். அழுகிய முட்டை வாடை ஹைட்ரஜன் சல்ஃபைடினுடையது. மீத்தேனுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. ஆகவே நாற்றம் குறைந்துவிட்டது என்பதை வைத்து ஆபத்து போய்விட்டதாக முடிவு செய்யக் கூடாது. மீத்தேன் இருக்கிறதா என்பதைக் கருவிதான் சொல்லும்.

குப்பை கொட்டிய ஓராண்டு அளவிலேயே வாயு உருவாகத் தொடங்கிவிடும். கிடங்கை மூடிய பிறகும் இருபது ஆண்டுகளுக்கு மேல் அது வந்துகொண்டிருக்கலாம். நம்முடையதைப் போன்ற வெப்பமும் ஈரமும் கொண்ட ஊர்களில் சிதைவு வேகமாக நடக்கும். தொடக்க ஆண்டுகளிலேயே பெருமளவு வாயு வெளியேறிவிடும். வாயுவைப் பிடித்து மின்சாரம் எடுக்கும் திட்டங்களைப் பற்றிப் பேசும்போது இந்த விவரம் முக்கியம்.

நான்கு ஆபத்துகள்

முதலாவது, தீயும் புகையும். மேற்பரப்பில் தெரியும் தீயை அணைத்த பிறகும் அடியில் கனன்றுகொண்டிருக்கும். பிளாஸ்டிக்கும் ரப்பரும் ஈரக் குப்பையும் அரைகுறையாக எரியும்போது நுண்துகள்களும் கார்பன் மோனாக்சைடும் டையாக்சின் போன்ற நச்சுப் பொருட்களும் புகையில் சேரும். ஆஸ்துமா உள்ளவர்கள், இதய நோயாளிகள், கைக்குழந்தைகள், கர்ப்பிணிகள் ஆகியோரை இது முதலில் தாக்கும்.

இரண்டாவது, வெடிப்பு. காற்றில் மீத்தேனின் அளவு 5 முதல் 15 சதவீதம் வரை இருந்தால் ஒரு பொறி போதும். வாயு மேல்நோக்கி மட்டும் போவதில்லை. மண்ணுக்குள் பக்கவாட்டிலும் நகரும். இங்கிலாந்தின் லாஸ்கோ என்ற ஊரில் 1986 மார்ச் 24 அன்று அப்படித்தான் நடந்தது. பக்கத்துக் குப்பைக் குழியிலிருந்து மண் வழியே வந்த வாயு ஒரு வீட்டுக்கு அடியில் சேர்ந்து வெடித்தது. வீடு தரைமட்டமானது, உள்ளே இருந்த மூவர் படுகாயமடைந்தனர். அந்த நாட்டில் கிடங்கு வாயு குறித்த விதிமுறைகள் இறுகியது அதற்குப் பிறகுதான். 1993இல் துருக்கியின் இஸ்தான்புல் நகரில் குப்பைமேடு வெடித்துச் சரிந்ததில் 39 பேர் இறந்தார்கள்.

மூன்றாவது, சரிவு. உயரமும் மழைநீரும் உள்ளே சிக்கிய வாயுவும் சேர்ந்து மேட்டைத் தளர்த்திவிடும். இந்தோனேசியாவின் லூவிகாஜா கிடங்கு 2005 பிப்ரவரி 21 அன்று சரிந்து 140 பேருக்கு மேல் பலியானார்கள். அந்த நாளை அந்நாடு தேசியக் கழிவு நாளாக நினைவுகூர்கிறது. கொழும்பின் மீதொட்டமுல்ல மேடு 2017 ஏப்ரல் 14 அன்று, சித்திரைப் புத்தாண்டு நாளில், வீடுகளின் மேல் சரிந்தது. முப்பது பேருக்கு மேல் இறந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் டெல்லி காஜிப்பூர் மேடு இடிந்து விழுந்து இரண்டு உயிர்களைப் பறித்தது.

நான்காவது, தண்ணீர். குப்பை அழுகி வடியும் கறுப்புச் சாறு, அடியில் தடுப்பு விரிப்பு இல்லாத கிடங்குகளில் நேராக நிலத்தடிக்குப் போகிறது. பெருங்குடிக் கிடங்கு பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் மேல் வளர்ந்தது. அந்தச் சதுப்பு நிலம் 2022இல், பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது.

இந்த நான்கோடு உலகுக்குப் பொதுவான ஒரு கேடும் இருக்கிறது. வளிமண்டலத்தைச் சூடாக்குவதில் மீத்தேன், நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் கரியமில வாயுவைப் போல் 28 மடங்கு, இருபதாண்டுக் கணக்கில் பார்த்தால் 80 மடங்குக்கும் மேல் வலிமை கொண்டது. அதை எரித்தால் கரியமில வாயுவாக மாறிவிடும். மின்சாரம் கிடைக்கிறதோ இல்லையோ, பிடித்து எரித்தாலே கேடு பெருமளவு குறைந்துவிடுகிறது.

வாயுவை எடுத்தால் எவ்வளவு மின்சாரம் கிடைக்கும்?

செய்முறை எளிமையானது. குப்பை கொட்டுவதை நிறுத்தி, மேட்டைச் சரிவாகச் சீரமைத்து, மண்ணும் நீர்புகா உறையும் போட்டு மூடுவார்கள். மேட்டுக்குள் ஆழ்துளைகள் இட்டு, துளையிட்ட குழாய்களை இறக்கி, ஊதுவிசை இயந்திரத்தால் வாயுவை உறிஞ்சுவார்கள். ஈரத்தையும் கந்தக வாயுவையும் நீக்கிவிட்டு எரிவாயு இயந்திரத்துக்கு அனுப்பினால் மின்சாரம் கிடைக்கும். அதற்குப் போதிய வாயு இல்லையென்றால் உயரமான குழாயின் முனையில் பாதுகாப்பாக எரித்துவிடுவார்கள்.

அமெரிக்காவில் இப்படி 500க்கும் மேற்பட்ட திட்டங்கள் இயங்குகின்றன. தென்கொரியாவில் சியோல் பெருநகரின் குப்பை போகும் சுடோக்வோன் கிடங்கில் 2007இல் 50 மெகாவாட் நிலையம் தொடங்கப்பட்டது. அதே நாடு 2005இலேயே உணவுக் கழிவை நேரடியாகக் கிடங்கில் கொட்டுவதைத் தடை செய்துவிட்டது. பழைய குப்பையின் வாயுவை வீணாக்காமல் எடுத்தார்கள். புதிய குப்பையால் அந்த வாயு பெருகாமலும் பார்த்துக்கொண்டார்கள். நாம் கற்க வேண்டியது இந்த இரண்டும் சேர்ந்த பாடம்.

மும்பை கோராய் குப்பைமேடு 2000களின் இறுதியில் அறிவியல் முறையில் மூடப்பட்டது. கிணறுகள் போட்டு வாயுவை எடுத்து எரித்தார்கள். மேடு பசுமையானது, நாற்றம் அடங்கியது. ஆனால் எதிர்பார்த்த அளவுக்கு வாயு வரவில்லை. நம் மேடுகள் பல ஆண்டுகள் திறந்தே கிடந்தவை. வாயுவில் பெரும்பங்கு மூடுவதற்கு முன்பே காற்றில் கலந்துவிடுகிறது; கிணறுகளுக்குள் சாறு தேங்கி உறிஞ்சுவதைத் தடுக்கிறது; நடுநடுவே பற்றும் தீயும் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை சொல்லும் பொதுக் கணக்கின்படி, ஒழுங்காகக் கட்டிய கிடங்கில் பத்து லட்சம் டன் குப்பை இருந்தால் சுமார் 0.8 மெகாவாட் மின்சாரம் எடுக்கலாம். சென்னையின் இன்னொரு கிடங்கான கொடுங்கையூரில் தோண்டி அகற்றத் திட்டமிட்ட பழைய குப்பை சுமார் 66 லட்சம் டன். அந்த மேடு அமெரிக்கத் தரத்தில் கட்டப்பட்டிருந்தாலும் 5 மெகாவாட்டைச் சற்றுத் தாண்டியிருக்கும், அவ்வளவுதான். சென்னையின் கோடைக்கால உச்ச மின்தேவை 4,000 மெகாவாட்டுக்கும் அதிகம். குப்பைமேட்டு வாயுவை எடுப்பதற்கு முதன்மைக் காரணம் மின்சாரமாக இருக்க முடியாது. பாதுகாப்புதான் காரணம், மின்சாரம் அதற்கு ஆகும் செலவில் ஒரு பகுதியைத் திருப்பித் தரும் வரவு.

சென்னை எடுத்திருப்பது வேறு வழி. பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் பழைய குப்பையைத் தோண்டிச் சலித்து மண், பிளாஸ்டிக், கல் என்று பிரித்து அகற்றும் பயோமைனிங் நடக்கிறது. நிலத்தை மீட்க இது நல்ல வழி. ஆனால் மேட்டைத் திறக்கும்போது உள்ளே அடைந்திருந்த வாயு வெளிவரும். குப்பையைப் புரட்டிக் காற்றாட விட்டு, வாயுவை அளந்து, தீயணைப்பு ஏற்பாட்டோடு செய்ய வேண்டிய வேலை அது. ஒரு பக்கம் தோண்டிக்கொண்டே மறுபக்கம் புதிய குப்பையைக் கொட்டினால் மேடு இடம் மாறுமே தவிர, தீராது.

எந்த ‘குப்பை மின்சாரம்’ என்று கேளுங்கள்

‘குப்பையிலிருந்து மின்சாரம்’ என்று அறிவிப்பு வந்தால் அது மூன்றில் ஒன்றாக இருக்கும். மூன்றுக்கும் பலன் வேறு, ஆபத்து வேறு.

ஒன்று, மேலே சொன்ன கிடங்கு வாயு. மூடிய பழைய மேட்டுக்கு ஏற்றது. புதிய குப்பை தேவையில்லை.

இரண்டு, ஈரக் குப்பையைத் தனியே வாங்கி மூடிய கலனில் நொதிக்க வைக்கும் எரிவாயு ஆலை. கோயம்பேடு சந்தையின் காய்கறிக் கழிவுக்காக நாளொன்றுக்கு 30 டன் கொள்ளளவில் 2005இலேயே ஒன்று அமைக்கப்பட்டது. சேத்துப்பட்டில் 100 டன் கொள்ளளவில் இன்னொன்று வந்தது. நாட்டில் பெரியது இந்தூரில் 2022 பிப்ரவரியில் தொடங்கிய ஆலை: நாளொன்றுக்கு 550 டன் ஈரக் குப்பை, சுமார் 17,000 கிலோ எரிவாயு, கூடவே உரம். நகரப் பேருந்துகளும் அந்த வாயுவில் ஓடுகின்றன. இந்தூர் வீடுகளிலிருந்து வரும் ஈரக் குப்பையில் பிளாஸ்டிக் கலப்பு மிகக் குறைவு. ஆலை நிற்பது அதன் பலத்தில்தான். பிரிக்காத குப்பையைக் கொடுத்தால் எந்தக் கலனும் சில மாதங்களில் அடைத்துக்கொள்ளும்.

மூன்று, எரிஉலை. குப்பையையே எரித்து அந்த வெப்பத்தில் மின்சாரம் எடுப்பது. நம் குப்பையில் ஈரம் அதிகம், வெப்பத்திறன் குறைவு. புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகள் நாள் தவறாமல் ஒழுங்காக வேலை செய்தாக வேண்டும். எரித்த பிறகு நச்சுச் சாம்பலைப் புதைக்க வேறு இடமும் வேண்டும். கொடுங்கையூரில் இத்தகைய உலைக்கான திட்டத்தை எதிர்த்து வடசென்னை மக்கள் 2025இல் தெருவுக்கு வந்தார்கள். பல பத்தாண்டுகளாக நகரத்தின் குப்பையைச் சுமந்த பகுதி அது. அடுத்த சுமையும் எங்கள் தலையிலா என்று அவர்கள் கேட்பதற்கு நியாயம் இருக்கிறது.

ஆகவே அதிகாரியோ வார்டு உறுப்பினரோ ‘மின்சாரம் எடுக்கப் போகிறோம்’ என்றால், எந்த முறையில் என்று முதலில் கேளுங்கள். பழைய குப்பையா, புதிய குப்பையா என்று அடுத்துக் கேளுங்கள். கிடங்கில் வாயு வேண்டும் என்பதற்காக ஈரக் குப்பையைத் தொடர்ந்து கொட்டுவோம் என்ற பேச்சு வந்தால் அதை ஏற்காதீர்கள். அதே குப்பை மூடிய கலனுக்குப் போனால் வாயுவை முழுமையாகப் பிடிக்கலாம். கிடங்குக்குப் போனால் ஒரு பகுதியைத்தான் பிடிக்க முடியும்.

சட்டம் தரும் பிடிமானங்கள்

தூய்மையான காற்றும் நீரும் அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று 1991இல் சுபாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்கு முன்பே 1980இல், ரத்லம் நகராட்சி வழக்கில், சுகாதாரக் கடமையைச் செய்ய ‘நிதி இல்லை’ என்று உள்ளாட்சி அமைப்பு தப்பிக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. இன்றும் அலுவலகங்களில் அந்தப் பதிலைக் கேட்கிறவர்கள் இந்தத் தீர்ப்பைச் சுட்டிக்காட்டலாம்.

அல்மித்ரா படேல் 1996இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கின் விளைவாக 2000இல் நகரத் திடக்கழிவு விதிகள் வந்தன. அவற்றை மாற்றி 2016இல் திடக்கழிவு மேலாண்மை விதிகள் வந்தன. இந்த 2016 விதிகளில் கிடங்கு வாயு பற்றித் தெளிவாக எழுதியிருந்தது. கிடங்கில் வாயு சேகரிப்பு ஏற்பாடு இருக்க வேண்டும்; வாயு வெளியே நகராமல் தடுக்க வேண்டும்; மீத்தேன் அளவு, தீப்பற்றும் குறைந்தபட்ச அளவில் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அந்தக் குறைந்தபட்ச அளவு 5 சதவீதம் என்பதால் வரம்பு 1.25 சதவீதம். எடுத்த வாயுவை வெப்பத்துக்கோ மின்சாரத்துக்கோ பயன்படுத்த வேண்டும், முடியாவிட்டால் எரித்துவிட வேண்டும். மக்கும் குப்பையும் மறுசுழற்சிக்கு ஆகும் பொருளும் கிடங்குக்கே போகக் கூடாது. புதிய கிடங்கு குடியிருப்பிலிருந்தும் குடிநீர்க் கிணற்றிலிருந்தும் 200 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். மூடிய கிடங்கைப் பதினைந்து ஆண்டுகள் கண்காணிக்க வேண்டும். அதன் பிறகும் வாயு, சாறு, மண் உறுதி ஆகிய மூன்றையும் சோதித்த பின்பே அங்கே குடியிருப்புப் பற்றி யோசிக்கலாம். பழைய குப்பை நிலத்தில் மனை வாங்குகிறவர்கள் கடைசி விதியை இரண்டு முறை படிக்க வேண்டும்.

2026 ஏப்ரல் 1 முதல் அவற்றுக்குப் பதிலாகப் புதிய திடக்கழிவு மேலாண்மை விதிகள் நடைமுறைக்கு வந்துள்ளன. ஈரக் குப்பை, உலர் குப்பை, நாப்கின் போன்ற சுகாதாரக் கழிவு, பேட்டரி, பல்பு, காலாவதி மருந்து போன்ற தனிக் கவனம் தேவைப்படும் கழிவு என்று நான்காகப் பிரிக்க வேண்டும் என்கின்றன அவை. மனு எழுதும்போது நடப்பு விதிகளைக் குறிப்பிடுங்கள்.

திறந்தவெளியில் குப்பை எரிப்பதற்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில் தடை விதித்தது. சாதாரணமாக எரித்தால் 5,000 ரூபாய், மொத்தமாக எரித்தால் 25,000 ரூபாய் அபராதம். தெருமுனையில் சருகைக் கொளுத்துகிற வீட்டுக்காரருக்கும் இது பொருந்தும், மாநகராட்சி ஊழியருக்கும் பொருந்தும்.

குப்பை பொறுக்கிப் பிழைப்பவர்களுக்கும் உரிமை உண்டு. அவர்களை அடையாளம் கண்டு, குப்பை மேலாண்மைப் பணியில் சேர்த்துக்கொள்ளும்படி 2016 விதிகள் சொல்லின. தூய்மைப் பணியாளர்களுக்கான மத்திய அரசின் ‘நமஸ்தே’ திட்டத்தில் 2024 முதல் அவர்களும் சேர்க்கப்பட்டு, பாதுகாப்பு உபகரணமும் மருத்துவக் காப்பீடும் பெற வழி செய்யப்பட்டிருக்கிறது. கிடங்கை மூடும்போது அவர்கள் பிழைப்புக்கு என்ன ஏற்பாடு என்ற கேள்வியும் மனுவில் இடம்பெற வேண்டும். தீயும் வாயுவும் நாள்தோறும் முதலில் தொடுவது அவர்களைத்தான்.

எங்கே, எப்படிக் கேட்பது?

முதலில் பதிவு. புகை வந்த நாள், நேரம், காற்றின் திசை, யாருக்கு என்ன பாதிப்பு என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். தேதி தெரியும்படி படம் எடுங்கள். மருத்துவர் சீட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். கிணற்றுத் தண்ணீர் மேல் சந்தேகம் இருந்தால் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கட்டணம் கட்டிச் சோதித்து அறிக்கை வாங்குங்கள். பின்னால் எந்த மேசைக்குப் போனாலும் இவைதான் பேசும்.

அடுத்து புகார். சென்னையில் மாநகராட்சியின் 1913, மாநிலம் முழுக்க முதல்வரின் உதவி மையம் 1100. புகார் எண்ணைக் கேட்டு வாங்கி எழுதி வையுங்கள். புகை, நாற்றம், கழிவுச் சாறு பற்றித் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கு எழுத்தில் கொடுத்து ஒப்புகை பெறுங்கள். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடமும் மனு கொடுக்கலாம். வார்டில் பகுதி சபை, ஊராட்சியில் கிராம சபை கூடும்போது கோரிக்கையைத் தீர்மானமாக்குங்கள். தனி ஆள் புகாரைவிடத் தீர்மானத்துக்குக் கனம் அதிகம்.

மூன்றாவது, தகவல் உரிமைச் சட்டம். கட்டணம் 10 ரூபாய். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலரிடம் முறையிடலாம். அங்கும் பலனில்லை என்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்குப் போகலாம். ‘ஏன் செய்யவில்லை’ என்று கேட்டால் பதில் வராது. ஆவணத்தின் நகலைக் கேளுங்கள். எடுத்துக்காட்டாக:

1. கிடங்கில் மீத்தேன் அளவைக் கடந்த ஓராண்டில் அளந்த தேதிகள், இடங்கள், அளவுகள் அடங்கிய பதிவேட்டின் நகல்.
2. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கிடங்குக்குக் கொடுத்த அனுமதி, அதன் நிபந்தனைகள் ஆகியவற்றின் நகல்.
3. சுற்றுப்புற நிலத்தடி நீர், காற்று ஆய்வு அறிக்கைகளின் நகல்.
4. நாள்தோறும் கிடங்குக்கு வரும் குப்பை, அதில் பிரித்து வருவது எவ்வளவு, பிரிக்காமல் வருவது எவ்வளவு என்பதைக் காட்டும் எடைப் பதிவேடு.
5. கடந்த மூன்று ஆண்டுகளில் நடந்த தீ விபத்துகளின் அறிக்கைகளும் தீத்தடுப்புத் திட்டமும்.

முதல் கேள்விக்கு ‘அத்தகைய பதிவேடு இல்லை’ என்று பதில் வந்தால் ஏமாற்றம் வேண்டாம். அளக்கவே இல்லை என்பதற்கு அதைவிட வலுவான சான்று கிடைக்காது.

நான்காவது, சட்ட வழி. பொதுத் தொல்லையை அகற்றும்படி உத்தரவிடும் அதிகாரம், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆம் பிரிவில் இருந்தது. இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவில் இருக்கிறது. வருவாய்க் கோட்டாட்சியரிடம் இதன் கீழ் மனு கொடுக்கலாம். ரத்லம் மக்கள் வென்றது இந்த வழியில்தான்.

தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. வழக்கறிஞர் இல்லாமல் நேரிலும் வாதாடலாம். நடவடிக்கை கோரும் மனுவைப் பிரச்சினை எழுந்த ஆறு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும்; உடல்நலத்துக்கோ சொத்துக்கோ நேர்ந்த பாதிப்புக்கு இழப்பீடு கேட்க ஐந்து ஆண்டுகள் அவகாசம். தக்க காரணம் இருந்தால் இரண்டுக்கும் மேலும் 60 நாள் தரலாம். மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையைத் தீர்ப்பாயம் பின்பற்ற வேண்டும் என்று அதன் சட்டமே சொல்கிறது. பிரம்மபுரம் தீக்காகக் கொச்சி மாநகராட்சி 100 கோடி ரூபாய் செலுத்த வேண்டும் என்று 2023 மார்ச்சில் அது உத்தரவிட்டது.

வழக்கறிஞருக்குப் பணமில்லை என்று தயங்க வேண்டாம். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக் குழுவை அணுகலாம், 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

புதிய ஆலைக்குச் சுற்றுச்சூழல் அனுமதிக்காக மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் அறிவிக்கப்பட்டால் தவற விடாதீர்கள். 30 நாள் முன்னறிவிப்பு கட்டாயம். நேரில் போக முடியாதவர்கள் எழுத்தில் அனுப்பலாம். பேசியது கூட்டக் குறிப்பில் பதிவானதா என்று பாருங்கள்.

புகை வந்தால், வாயு சேர்ந்தால்

கிடங்கில் தீ என்றால் 101 அல்லது 112ஐ அழையுங்கள். வேடிக்கை பார்க்க மேட்டின் மேல் ஏறாதீர்கள். மேலே குளிர்ந்து தெரியும் இடம் அடியில் கனன்று உள்வாங்கக்கூடும். சன்னல்களை மூடி இடுக்குகளில் ஈரத்துணி வையுங்கள். துணி முகக்கவசம் நுண்துகளைத் தடுக்காது, என்95 வகைதான் உதவும். மூச்சுத்திணறல் உள்ளவர்களைக் காற்றின் எதிர்ப்பக்கம் உள்ள உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிடுவது நல்லது.

கிடங்கின் அருகே உள்ள வீடுகளில் அடித்தளம், நிலத்தடித் தொட்டி, பயன்படுத்தாத கிணறு, சாக்கடைத் தொட்டி ஆகியவற்றில் வாயு சேரலாம். சந்தேகம் வந்தால் தீக்குச்சி கிழித்துப் பார்க்காதீர்கள், மின்விளக்கைப் போடவோ அணைக்கவோ வேண்டாம். கதவு சன்னல்களைத் திறந்துவிட்டு வெளியேறி, தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள். உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால் அவரைத் தூக்க இன்னொருவர் இறங்கக் கூடாது. அங்கே ஆக்சிஜன் இருக்காது; காப்பாற்றப் போனவரும் சேர்ந்து சாவது இப்படித்தான்.

நம் வாசலில் தொடங்குவது

உரிமை கேட்பவருக்குக் கடமையும் உண்டு என்ற வழக்கமான உபதேசம் இங்கே வேண்டாம். ஒரு காரணத்தை மட்டும் சொன்னால் போதும். குப்பைமேட்டு வாயுவுக்கு மூலப்பொருள் ஈரக் குப்பை. அது மேட்டுக்குப் போகாவிட்டால் புதிய வாயு இல்லை, சாறும் குறையும். பிளாஸ்டிக் ஒட்டாத ஈரக் குப்பை ஆலைக்கோ உரத்துக்கோ போகும். சோறு ஒட்டாத உலர் குப்பைக்குக் காயலான் கடையில் விலை உண்டு. செல்போன் பேட்டரி, லைட்டர், வாசனைத் திரவ டப்பா ஆகியவற்றைத் தனியே கொடுங்கள். லாரியில் நசுங்கும்போது பொறி கிளம்புவது இவற்றிலிருந்துதான். அடுக்குமாடிக் குடியிருப்பு, கல்யாண மண்டபம், உணவகம் போன்ற பெரிய இடங்களில் ஈரக் குப்பையை அங்கேயே உரமாக்கவோ எரிவாயுவாக்கவோ சங்கக் கூட்டத்தில் பேசுங்கள்.

பிரித்துக் கொடுத்ததை லாரியில் ஒன்றாகக் கொட்டுவதைப் பார்த்து மனம் விட்டவர்கள் ஏராளம். அந்தக் கோபம் நியாயமானது. அதைப் பிரிப்பதை நிறுத்துவதில் காட்டாமல் புகாரில் காட்டுங்கள். வண்டி எண், தேதி, நேரத்தோடு எழுதுங்கள். பிரித்து வாங்கிக் கலந்து கொட்டுவது உள்ளாட்சியின் விதிமீறல். அதற்குத் தூய்மைப் பணியாளரைத் திட்டிப் பயனில்லை. தனித்தனி அறைகள் உள்ள வண்டியும் ஈரக் குப்பைக்கு ஓர் ஆலையும் இல்லாமல் அவர் என்ன செய்வார்?

பழைய மேடுகளின் வாயுவைப் பிடிப்பதோ, மேட்டையே அகற்றுவதோ, இரண்டில் ஒன்றை உள்ளாட்சி செய்தே ஆக வேண்டும். அது செய்யும்வரை மீத்தேன் அளவை அளந்து மக்களுக்குக் காட்ட வேண்டும். புதிய மேடு வளராமல் இருக்க ஈரக் குப்பை கிடங்கின் வாசலைத் தாண்டக் கூடாது. அடுத்த கோடைக்கு முன் உங்கள் ஊர்க் கிடங்கின் மீத்தேன் பதிவேட்டைக் கேட்டு ஒரு மனு போடுங்கள். பத்து ரூபாய்தான் செலவு. ஊருக்கு ஒருவர் கேட்டாலும், இதுவரை அளக்காதவர்கள் அளக்கத் தொடங்குவார்கள்.